கல்லூரியின் முதல் உடலியல் வகுப்பும் நம் பிள்ளைகளும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி நாளில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மேல்நிலை உயிரியல் கற்பித்தலில் புதிய அணுகுமுறைகள்'. மன்னிக்க வேண்டும், நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. நம் பள்ளியை விட்டுப் போன பிறகு பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குறிப்பாக நர்சிங், லேப் டெக்னீசியன், பிசியோதெரபி, விலங்கியல் என்று போகிற பிள்ளைகளைப் பற்றி. இப்போது எம்.பி.பி.எஸ். வகுப்பிலும் நம் பிள்ளைகள் உட்காருகிறார்கள். புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு உள் இடஒதுக்கீடு 2023-இல் வந்தது. இவர்கள் எல்லோரும் கல்லூரிக்குள் நுழைந்ததும் சந்திக்கும் முதல் பாடம் மனித உடல்தான். பி.எஸ்சி. நர்சிங்கில் உடற்கூறியலும் உடலியங்கியலும் முதல் செமஸ்டரிலேயே வந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவன் நர்சிங்கில் சேர்ந்தான். அப்பா கொத்தனார். ஊரில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பையன் என்பதால் பள்ளியில் சால்வையெல்லாம் போட்டு அனுப்பினோம். அடுத்த ஆண்டு சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவனைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நானே போய்ப் பேசினேன். "அனாட்டமி வரல டீச்சர். ரெண்டு இன்டர்னல்ல ஃபெயில். நின்னுட்டேன்" என்றான். என் பாடத்தில் அவன் பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அவன் என்ன படித்தான் என்பது எனக்குத் தெரியும். 'நெஃப்ரான் சிறுநீரகத்தின் செயல் அலகு ஆகும்.' இந்த வாக்கியத்தை இந்த அரங்கில் இருக்கும் எல்லோரும் கரும்பலகையில் எழுதியிருப்போம். பிள்ளைகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். 'செயல் அலகு' என்றால் என்ன என்று நான் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை. ஒரு சிறுநீரகத்தில் இப்படிப் பத்து லட்சம் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன, இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உடலுக்கே கொடுத்துவிட்டு ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகின்றன என்று சொல்லியிருந்தால், அந்தப் பையன் மனத்தில் ஏதாவது நின்றிருக்கும். கல்லூரியில் யாராவது ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும்போது அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருப்பான்.

இதில் என் கதையும் இருக்கிறது. நான் பாகூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. 1990-களின் நடுவில் விலங்கியல் படிக்க டவுனுக்குப் போனேன். முதல் வகுப்பில் திசுக்கள். பேராசிரியர் சொன்னதில் எனக்குக் கேட்டது 'எபிதீலியம்' என்ற ஒரு சொல் மட்டும். அதை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டேன். அந்த மணி நேரம் முழுவதும் அந்த நோட்டுப் பக்கத்தில் அந்த ஒரு சொல்தான். எபிதீலியம் என்பது நான் பத்தாம் வகுப்பிலேயே படித்த புறப்படலத் திசுதான் என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. அதையும் பேருந்தில் கூட வந்த ஒரு சீனியர் அக்காதான் சொன்னார். தெரிந்த பொருளே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமல் போகிறதே, அதுதான் நம் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் நடப்பது. 'எனக்கு மண்டையில் ஏறாது' என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாடம் கடினம் என்பதை விட இந்த முடிவுதான் அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறது.

இப்போது ஒரு கேள்வி வரும். சென்ற மாதம் ஆசிரியர் அறையில் ஒரு சார் என்னிடம் நேராகவே கேட்டார்: "2023-24-லேர்ந்துதான் நாம சி.பி.எஸ்.இ.க்கு மாறிட்டோமே மேடம். புத்தகமே இங்கிலீஷ். இனிமே இந்தப் பிரச்சினை எங்கே?" நியாயமான கேள்விதான். என் அனுபவத்தில் பிரச்சினை பள்ளிக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது. முன்பு தமிழ் வாக்கியத்தைப் புரியாமல் மனப்பாடம் செய்தார்கள், இப்போது ஆங்கில வாக்கியத்தைப் புரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு உயிரியலிலிருந்து செரித்தலும் உறிஞ்சுதலும் என்ற பாடத்தை எடுத்துவிட்டது. சுவாசம் இருக்கிறது, இரத்த ஓட்டம் இருக்கிறது, கழிவுநீக்கம் இருக்கிறது. வயிறும் குடலும் கல்லீரலும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டன. கல்லூரியோ அந்தப் பாடம் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. நான் என் வகுப்பில் அதை இரண்டு சனிக்கிழமைகளில் நடத்திவிடுகிறேன். தேர்வுக்கு வராது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுவேன். ஆச்சரியம் என்னவென்றால் அன்றைக்குத்தான் நிறையக் கேள்வி கேட்கிறார்கள்.

உடலைத் தமிழில் படிப்பது என்பது நாம் கண்டுபிடித்த புதுமை இல்லை. யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்று ஓர் அமெரிக்க மருத்துவர் இருந்தார். 1847-இல் வந்தவர். இடையில் சில ஆண்டுகள் ஊருக்குப் போய்விட்டு மறுபடி வந்து, 1873 வரை இருந்தார். முதலில் அவர் தம் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசு வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள், கிராமத்தில் வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. அதனால் 1860-களில் தமிழுக்கு மாறினார். அவரும் அவரிடம் படித்த மாணவர்களும் சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார்கள். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரேயின் உடற்கூறியல் நூல் லண்டனில் 1858-இல் வந்தது. அது 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் தமிழில் வந்துவிட்டது. பதினான்கே ஆண்டுகள்!

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 'அங்காதிபாதம்' என்ற சொல் இன்று யாருக்கும் தெரியாது. நாம் உடற்கூறியல் என்கிறோம். அவர் போன பிறகு அந்த முயற்சியும் நீடிக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில்தான் நடந்தது. நம் பிள்ளைகளும் ஆங்கிலத்தில்தான் தேர்வு எழுதப் போகிறார்கள், அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் கிறீன் யோசித்ததில் ஒன்று இன்றும் அப்படியே இருக்கிறது. நோயாளி தமிழில்தான் பேசுவார். ஜிப்மரிலோ கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ ஓ.பி. வரிசையில் நிற்கும் நம் ஊர்ப் பாட்டி 'குறுக்கு வலிக்குது' என்பார், 'நெஞ்சு கரிக்குது' என்பார், 'கெண்டைக்கால் இழுக்குது' என்பார். அங்கே நர்ஸாக நிற்கப் போகும் நம் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தாக வேண்டும்.

அந்தக் கெண்டைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலின் பின்பக்கத் தசையைத் தொட்டுப் பாருங்கள். தொடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கி, கெண்டை மீன் மாதிரி இருக்கிறதா? அதனால்தான் நம் முன்னோர் அந்தப் பெயர் வைத்தார்கள். கல்லூரியில் அதன் பெயர் 'காஸ்ட்ராக்னீமியஸ்'. கேட்டதும் பிள்ளை மிரண்டுவிடும். பிரித்தால் அது கிரேக்கத்தில் 'காஸ்டர்', வயிறு, 'க்னீமே', கால். காலின் வயிறு! அவர்களுக்கு வயிறாகத் தெரிந்தது நமக்கு மீனாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி 'காஸ்ட்ரிக்', 'காஸ்ட்ரைட்டிஸ்' எல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி என்று ஒரு முறை சொல்லிவிட்டால், ஹெபட்டைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் என்று அவர்களே வரிசையாகப் பிரிக்கத் தொடங்குவார்கள்.

இப்படி நான் சேர்த்து வைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணில் இருக்கிறது. நடுவில் கறுப்பாகத் தெரியும் துளையை நம் பழைய பாடநூலில் 'கண் பாவை' என்று படித்தோம். பாவை என்றால் பொம்மை. ஆங்கிலத்தில் அது 'பியூப்பில்'. லத்தீனில் 'பியூப்பில்லா' என்றால் சின்னப் பெண் பொம்மை! எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் சின்னதாகத் தெரியும், அதுதான் இரண்டு பெயருக்கும் காரணம். இதைச் சொன்ன அன்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

தோளுக்கும் மார்புக்கும் இடையில் கையை வைத்தால் தட்டுப்படுவது காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் போடும் பழைய நகை, பாட்டிமார்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'கிளாவிக்கிள்', லத்தீனில் சின்னச் சாவி. முழங்கால் சில்லு இருக்கிறது, பாண்டி ஆட்டத்தில் எறிகிறோமே அதே சில்லு. அது 'பட்டெல்லா', சின்னத் தட்டு. இதயத்தின் மேலறையை இப்போது 'ஏட்ரியம்' என்கிறார்கள். ரோமானியர் வீட்டில் வாசலைத் தாண்டியதும் வரும் திறந்த கூடத்துக்கு அந்தப் பெயர். நம் ஊர்ப் பழைய வீட்டு முற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும், வெளியிலிருந்து வரும் இரத்தம் முதலில் முற்றத்தில் இறங்கி, பிறகு உள்ளே போகிறது.

சொற்கள் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இரத்த ஓட்டத்தை நான் பல ஆண்டுகளாகப் பாகூர் ஏரியை வைத்து நடத்தினேன். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, ஏரி நிறைகிறது, மதகைத் திறந்தால் வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல். தமனி, நுண்தமனி, தந்துகி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு பையன், வீட்டில் நிலம் இருக்கிறவன், எழுந்து கேட்டான்: "வயலுக்குப் போன தண்ணி திரும்பி வராதே டீச்சர், ரத்தம் மட்டும் எப்படித் திரும்பி வரும்?"

அவனுக்குத் தெரியாமலேயே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு மருத்துவத்தைக் கேள்வி கேட்டுவிட்டான். கேலன் காலத்திலிருந்து மருத்துவர்கள் அப்படித்தான் நம்பினார்கள், கல்லீரலில் இரத்தம் உண்டாகி, வயலில் பாய்ந்த நீர் மாதிரி உடலில் செலவாகிவிடுகிறது என்று. வில்லியம் ஹார்வி 1628-இல்தான் அதைக் கணக்குப் போட்டு உடைத்தார். அவர் போட்ட கணக்கை இன்றைய எண்களில் நம் பிள்ளைகளே போடலாம். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் 5 லிட்டர். நம் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். நாள் முழுவதும் என்றால் 7,000 லிட்டருக்கு மேல், 20 லிட்டர் தண்ணீர் கேனில் 360 கேன். 'தினமும் இவ்வளவு இரத்தத்தை உன் உடம்பு புதிதாகச் செய்ய முடியுமா? நீ எவ்வளவு சாப்பிட வேண்டும்?' என்று கேட்டேன். அந்தப் பையனே சொன்னான், "அப்போ அதே ரத்தம்தான் சுத்தி வருது."

பிறகு ஹார்வி செய்த சோதனையையே செய்தோம். மேல்கையில் கைக்குட்டையை லேசாகக் கட்ட வேண்டும், அழுத்தமாகக் கூடாது, ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. முன்கையில் சிரை புடைக்கும். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் மேல் நோக்கி நீவிவிட்டால் அந்த இடம் வெறுமையாகி அப்படியே நிற்கும். மேலிருந்து இரத்தம் இறங்காது, வால்வு தடுக்கிறது. கீழ்விரலை எடுத்தால் உடனே நிரம்பும். இதற்கு ஆய்வகம் வேண்டாம், செலவு இல்லை. மெலிந்த கை உள்ள பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் நன்றாகத் தெரியும். ஏரி உவமையை நான் விட்டுவிடவில்லை. அது எங்கே பொருந்தாது என்பதைக் கேட்பதற்காகவே இப்போது அதைச் சொல்கிறேன்.

வில்லியனூர்ப் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. நம் பிள்ளைகளில் சிலர் வீட்டிலேயே களிமண் இருக்கிறது. முதுகெலும்பின் ஒரு கண்ணியை மண்ணில் செய்த பிள்ளை, அதன் நடுவில் தண்டுவடம் போகும் துளையை விட மறந்து, பிறகு தானே கண்டுபிடித்துத் திருத்தினாள். படம் வரைந்து பாகங்களைக் குறித்தபோது அந்தத் துளை அவள் கண்ணில் படவே இல்லை என்றாள்.

இதெல்லாம் அந்தப் பையனுக்குச் செய்யாததை அடுத்து வந்தவர்களுக்குச் செய்தது. இரண்டு ஆண்டுக்கு முன் தீபாவளி விடுமுறையில் ஒரு பழைய மாணவி அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். நர்சிங் முதல் செமஸ்டர். வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இப்பவே நிறுத்திட்டா கட்டின பணத்துல கொஞ்சமாவது திருப்பிக் கொடுப்பாங்களா டீச்சரம்மா?" நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். மகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "வகுப்புல சொல்றது ஒண்ணுமே புரியல டீச்சர். நான் ஸ்கூல்ல படிச்சது வேற உடம்பு மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குச் சேதராப்பட்டு வாசல் நினைவுக்கு வந்தது. பணம் பற்றித் தெரியாது, அவளை ஒரு மாதம் எனக்குக் கொடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்து பிடித்து வருவாள். ஒரு நீள நோட்டில் நான்கு பத்தி போட்டோம். முதல் பத்தியில் கல்லூரியில் கேட்ட சொல், எழுத்துக்கூட்டலோடு. இரண்டாவதில் அதைப் பிரித்தால் வரும் பொருள். மூன்றாவதில் தமிழ்ச் சொல். பாடநூல் சொல்லும் ஊர்ச் சொல்லும் இரண்டும். நான்காவதில் தன் உடம்பில் அது எங்கே, தொட்டால் எப்படி இருக்கிறது, தொட முடியாதென்றால் எதற்கு அடியில். நான் சொல்லித் தந்தது நாற்பது ஐம்பது சொல்தான். மீதியை அவளே அகராதி பார்த்து நிரப்பினாள். சில இடங்களில் எனக்கே தெரியவில்லை, இருவரும் சேர்ந்து தேடினோம்.

அவள் உடலியங்கியலில் தேறினாள். உடற்கூறியலில் முதல் முறை போய்விட்டது, அடுத்த முறை எழுதித் தேறினாள். நான்கு பத்தி நோட்டு ஒரு மந்திரம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். நரம்புகளின் பெயர்களும் தசை எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது என்பதும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நிறுத்துகிறேன் என்று அவள் மறுபடி சொல்லவில்லை. இப்போது வார்டு பயிற்சிக்குப் போகிறாள். சென்ற வாரம் போனில் பேசும்போது, ஒரு பெரியவர் 'விலாவுல குத்துது' என்று சொன்னதை அவள்தான் டாக்டருக்கு எடுத்துச் சொன்னாளாம். வெளிமாநிலத்திலிருந்து வந்த டாக்டர்.

நான் கேட்பது ஒன்றுதான். பதினொன்று, பன்னிரண்டில் வேண்டாம், அங்கே தேர்வு அவசரம். ஒன்பதாம் வகுப்பில் திசு பாடம் வரும்போதே இந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். தமிழாசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளித் தமிழாசிரியர்தான் காறை எலும்புக்கு விளக்கம் சொன்னவர், எனக்கு அதுவரை தெரியாது.

அந்தப் பெண்ணிடம் கேட்டு அவள் நோட்டின் நகலை எடுத்து வந்திருக்கிறேன், வாசல் அருகே மேசையில் இருக்கிறது. முப்பது பிரதிதான் போட முடிந்தது, ஒரு பள்ளிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் பக்கத்தில் 'டிபியா'வும் 'ஃபிபுலா'வும் இடம் மாறியிருக்கின்றன. முன்பக்கம் கையில் தட்டுப்படும் பெரிய எலும்புதான் டிபியா, லத்தீனில் புல்லாங்குழல். அந்தத் தவறு என்னுடையது, பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.